அம்மாவுக்கு ஒரு பிளாட்டினம் பேக்கேஜ்!

என் அம்மாவுக்குக் கணக்கு எழுத நோட்டுப் புத்தகம் கிடையாது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் லெட்ஜர். 'பால் 52, முருங்கைக்கீரை 15, அயர்ன்காரர் 80' என்று பென்சிலால் எழுதி, மாசக் கடைசியில் ஒரு கிளிப் போட்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னால் சொருகி வைப்பாள். பி.காம். படித்து, பகலில் நாலு கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்து, ராத்திரியில் இந்த மாதிரி எதையாவது எழுதிப் பிழைக்கும் அடியேனால் அந்தத் தாள்களில் இதுவரை ஒரு தப்புக்கூடக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

2023 ஜனவரியில் ஒரு தாளில், கீரைக்கும் தயிருக்கும் நடுவில், 'ஸ்கேன் 18,500' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் அம்மா கணக்கில் கேள்விக்குறி போட்டது அதுதான் முதல் தடவை. அதற்குக் காரணம் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. சாட்சாத் நான்தான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 2021 ஆகஸ்டில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. குளிக்கும்போது கட்டி மாதிரி ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. 'இதைப் போய்ப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது' என்று ஒன்றரை மாசம் சும்மா இருந்திருக்கிறாள். கடைசியில் கோயமுத்தூரில் இருக்கும் அக்காவிடம் சொல்லி, அக்கா மாமாவிடம் சொல்லி, மாமா என்னிடம் சொல்லி... ஒரே வீட்டில் பக்கத்து ரூமில் இருப்பவனுக்கு நியூஸ் கோயமுத்தூர் சுற்றிக்கொண்டு வந்தது!

நல்லவேளை, இரண்டாவது ஸ்டேஜின் வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். ஆபரேஷனில் கட்டியை மட்டும் எடுத்தார்கள். பிறகு கீமோ, ரேடியேஷன். முடி கொட்டியது, முளைத்தது. ஐந்து வருஷத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. எல்லாம் முடிந்தபோது டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்:

"மூணு நாலு மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்டுங்கம்மா. கை வச்சுப் பார்ப்பேன். வருஷத்துக்கு ஒரு மேமோகிராம். இந்த மாத்திரை எலும்பைக் கொஞ்சம் கரைக்கும், அதனால எலும்பு அடர்த்தி டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க. அவ்வளவுதான். போய் நிம்மதியா இருங்க."

"வேற ஸ்கேன் எதுவும்..?" என்று இழுத்தேன்.

"வேண்டாம் தம்பி."

"ரத்தத்துல கேன்சர் மார்க்கர்னு ஏதோ..?"

"வேண்டாம் தம்பி."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. லட்சக் கணக்கில் செலவு பண்ணி வைத்தியம் பார்த்த வியாதிக்கு, கை வைத்துப் பார்ப்பதுதான் காவலா? மூவாயிரம் ரூபாய் பைக் சர்வீஸுக்கே கம்ப்யூட்டரில் கனெக்ட் பண்ணி நாலு பக்கத்துக்கு ரிப்போர்ட் தருகிறானே சார்!

நம்மைப் போன்ற பையன்களுக்கு முப்பது வயதுக்கு மேல் ஒரு வியாதி வரும். அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசத் தெரியாது. அதற்குப் பதிலாக எதையாவது வாங்கிக் கொடுத்துவிடுவோம். மிக்ஸி, வாக்கிங் ஷூ, பி.பி. மெஷின். எனக்கு அந்த வியாதி முற்றிய சமயத்தில்தான் செல்போனில் அந்த விளம்பரம் வந்தது. ஒரு பரிசோதனைக் கூடத்தின் பொங்கல் சலுகை. 'சில்வர், கோல்டு, பிளாட்டினம்' என்று மூன்று பேக்கேஜ். பிளாட்டினத்தில் எண்பத்திச் சொச்சம் டெஸ்ட், கூடவே கேன்சர் மார்க்கர்கள். விலை 6,999. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். அப்பாவுக்கும் சேர்த்து எடுத்தால் சர்க்கரை டெஸ்ட் இலவசமாம். அப்பா காலமாகி ஏழு வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் அந்த இலவசத்துக்காகவே அவரையும் உட்கார வைத்திருப்பேன்.

அக்காவும் போனில் எண்ணெய் ஊற்றினாள். "என் மாமியாரோட தங்கச்சிக்கு வருஷா வருஷம் முழு உடம்பு ஸ்கேன் எடுக்கறாங்கடா. உங்க டாக்டர் எதுவுமே எழுதலியா? சரியான டாக்டர்தானா?"

பிளாட்டினம் புக் பண்ணினேன். காலை ஆறரைக்கு ஒரு பையன் வந்து அஞ்சு குப்பியில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். அம்மா அவனுக்குக் காபி கொடுத்து, "சாப்ட்டியாப்பா?" என்று விசாரித்தாள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் கறுப்பு எழுத்து. ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு. சி.ஏ. 15-3 என்ற மார்க்கர் முப்பதுக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தான். அம்மாவுக்கு முப்பத்து நாலு!

பகீர் என்றது. டாக்டருக்குப் போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. 'வேண்டாம் தம்பி' என்று இரண்டு தடவை சொன்னவரிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? பரிசோதனைக் கூடத்துக்கே போன் பண்ணினேன். மிக இனிமையான பெண் குரல். "எதுக்கும் ஒரு பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுங்க சார்" என்றது.

இந்த 'எதுக்கும்' இருக்கிறதே, தமிழில் இதைவிடச் செலவு வைக்கும் வார்த்தை கிடையாது.

பெட் ஸ்கேன் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு மணி நேரம் பட்டினி. பிறகு கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள். ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் தனி ரூமில் படுத்திருக்க வேண்டும். உடம்பில் எங்கே சர்க்கரையை ஜாஸ்தியாகத் தின்கிறதோ அந்த இடம் படத்தில் பளிச்சென்று எரியும். புற்று அணுக்களுக்குச் சர்க்கரைப் பசி அதிகம், அதனால் மாட்டிக்கொள்ளும். ஆனால் படத்துக்குச் சர்க்கரை தின்கிறவன் திருடனா போலீஸா என்று தெரியாது. புண், சளி, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு, எது தின்றாலும் பளிச்தான்.

அம்மாவின் படத்தில் நெஞ்சுக்கு நடுவில், மூச்சுக் குழாய் பக்கத்தில் ஒரு நிணநீர்க் கட்டி பளிச்சென்று எரிந்தது. ரிப்போர்ட்டில், 'நோய் பரவியிருக்கும் சாத்தியத்தை ஒதுக்க முடியவில்லை' என்று ஒரு வரி.

அந்த வரியை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி தோசைக்கு இரண்டு சட்னி கேட்டேன். நான் இரண்டு சட்னி கேட்டால் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தமாம்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அம்மா அழவில்லை. முதல் வாரம் சமையல் ரூமில் இருந்த எவர்சில்வர் டப்பாக்களுக்கு எல்லாம் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதினாள். துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, பயத்தம் பருப்பு. "எதுக்கும்மா?" என்றேன். "உனக்குத் துவரம் பருப்புக்கும் கடலைப் பருப்புக்கும் வித்தியாசம் தெரியாதேடா" என்றாள். இரண்டாவது வாரம், ரசப் பொடிக்கு மிளகாய் எவ்வளவு, தனியா எவ்வளவு என்று ஒரு காலண்டர் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். மூன்றாவது வாரம் அக்காவுக்குப் போன் பண்ணி, அரக்குப் பட்டு உனக்கு, மயில் கழுத்துப் பச்சை அவனுக்கு வரப்போகிறவளுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சிகிச்சை முடிந்த பிறகு நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷி சார். ஒரு வலி இல்லை, இருமல் இல்லை. 6,999 ரூபாய்க்கு அவள் தூக்கத்தை விலைக்கு வாங்கிக் குப்பையில் போட்டவன் நான்.

கடைசியில் வேறு வழியில்லாமல் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். ரிப்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"எரியுதுன்னு தெரிஞ்சாச்சு. இனிமே பார்க்காம விட முடியாது. ஊசி வச்சுத்தான் பார்க்கணும்" என்றார்.

வாய் வழியாகக் குழாய் விட்டு, மூச்சுக் குழாயிலிருந்து ஊசியால் அந்தக் கட்டியைக் குத்தி எடுத்தார்கள். அரை நாள் ஆஸ்பத்திரி, 42,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் கம்பெனி, 'இது நோயைக் கண்டறிய மட்டும் செய்யப்பட்டது, சிகிச்சை அல்ல' என்று அழகான ஆங்கிலத்தில் க்ளெய்மைத் திருப்பி அனுப்பியது. அந்த லெட்டரை எழுதியவனும் ஒரு பி.காம். ஆகத்தான் இருப்பான்.

அன்றைக்கு வெயிட்டிங் ஹாலில் பக்கத்து நாற்காலியில் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர் ஒருவர். என் வயதுதான் இருக்கும். மடியில் பெரிய கவர், தோளில் தூங்கும் பெண் குழந்தை. மனைவிக்கு நெல்லிக்காய் அளவு கட்டி. பயாப்ஸிகூட எடுக்காமல், யாரோ சொன்னார்கள் என்று முதலிலேயே பெட் ஸ்கேன், அதற்கு மேல் எலும்பு ஸ்கேன், மார்க்கர் எல்லாம் எடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். இப்போது பயாப்ஸியில் 'ஹெர் 2' என்ற டெஸ்ட் ரெண்டுங்கெட்டானாக வந்திருக்கிறது. ஆமா, இல்லையா என்று முடிவாகத் தெரிய 'ஃபிஷ்' என்று இன்னொரு டெஸ்ட் எழுதியிருந்தார் டாக்டர்.

"அண்ணே, இது கட்டாயம் எடுக்கணுமாண்ணே? ஏற்கெனவே பெரிய ஸ்கேனே எடுத்துட்டமே" என்று கேட்டார். கையில் காசு தீர்ந்துவிட்டது என்பதை அதைவிடக் கௌரவமாகச் சொல்ல முடியாது.

அந்த ஃபிஷ் டெஸ்ட்தான், டிராஸ்டுஸுமாப் என்ற முக்கியமான மருந்து அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்லப் போகிறது. வைத்தியத்தையே மாற்றக்கூடிய டெஸ்ட். அது மீன் பெயரில், யாருக்கும் புரியாமல், கடைசியில் வருகிறது. அதற்குள் கலர் படங்கள் பர்ஸைக் காலி பண்ணிவிடுகின்றன. எதிரே இருந்த சமூக சேவகர் கவுன்ட்டரைக் காட்டி, "அங்கே கேளுங்க" என்று அனுப்பினேன். அவர் எழுந்து போனபோது, கவரிலிருந்து ஒரு ஸ்கேன் ஃபிலிம் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

ஐந்து நாள் கழித்து அம்மாவின் ரிசல்ட். புற்று அணுக்கள் இல்லை. பழைய காசநோய்த் தழும்பு மாதிரி ஒரு சமாச்சாரம். டி.பி. கிருமி இருக்கிறதா என்று பார்த்ததிலும் இல்லை. "சின்ன வயசுல வீட்ல யாருக்காவது டி.பி. இருந்ததாம்மா?" என்று டாக்டர் கேட்க, அம்மா யோசித்துவிட்டு, "எங்கப்பாவுக்கு இருந்தது. நான்தான் பக்கத்துல படுத்துப்பேன்" என்றாள். ஐம்பது வருஷத்துக்கு முன் தாத்தாவிடம் வாங்கிய சொத்து, 18,500 ரூபாய் கொடுத்துப் பார்த்தோம். நம் ஊரில் இது சகஜமாம். டி.பி. நிறைந்த தேசத்தில் பெட் ஸ்கேனில் எரிவதெல்லாம் புற்றுநோய் இல்லை என்றார் டாக்டர்.

அந்த முப்பத்து நாலு? "அது நாலு பாயின்ட் ஏறும், இறங்கும். ஈரல்ல லேசா ஏதாவது இருந்தாக்கூட ஏறும்" என்று கையை விரித்தார்.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மனசில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "நல்லவேளை, ஒண்ணுமில்ல மேடம். ஆனா நிஜமாவே பரவியிருந்தா? முன்னாடியே கண்டுபிடிச்சது நல்லதுதானே?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"தம்பி, எழும்பூர் ஸ்டேஷன்ல நிக்கறீங்க. ட்ரெயின் ரெண்டு மணி நேரம் லேட். அதை ஸ்டேஷனுக்கு வந்து தெரிஞ்சுக்கிட்டாலும், வீட்லயே செல்போன்ல தெரிஞ்சுக்கிட்டாலும், ட்ரெயின் வர்ற நேரத்துக்குத்தான் வரும். முன்னாடியே தெரிஞ்சவன் கூட ரெண்டு மணி நேரம் கவலைப்பட்டான், அவ்வளவுதான்."

எலும்பு, நுரையீரல் என்று தூரத்துக்குப் பரவிவிட்ட மார்பகப் புற்றை இன்றைய வைத்தியத்தால் அடக்கி வைக்கலாம். பெரும்பாலும் வேரோடு எடுக்க முடிவதில்லை. ஸ்கேனில் நாலு மாசம் முன்னால் பார்த்து மருந்து ஆரம்பித்தாலும், வலி வந்த பிறகு ஆரம்பித்தாலும் ஆயுள் கூடுவதாக நிரூபணம் ஆகவில்லையாம். ஆனால் அதே மார்பில் திரும்ப வந்தாலோ, அடுத்த மார்பில் புதிதாக வந்தாலோ, சீக்கிரம் பிடித்தால் குணப்படுத்தலாம். அதற்குத்தான் மேமோகிராம். அதற்குத்தான் அந்தக் 'கை வைத்துப் பார்ப்பது'.

"இதை யார் சோதிச்சுப் பார்த்தாங்க?" என்றேன். கணக்குப் பிள்ளை புத்தி, வவுச்சர் கேட்காமல் விடாது.

வவுச்சர் இருந்தது. 1994-லேயே இத்தாலியில் செய்த இரண்டு ஆராய்ச்சிகள் அமெரிக்காவின் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியாகியிருக்கின்றன. ஒன்றில் 20 ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை முடித்த 1,320 பெண்கள். பாதிப் பேருக்கு எலும்பு ஸ்கேன், ஈரல் ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்த டெஸ்ட் என்று அட்டவணை போட்டு எடுத்தார்கள். மீதிப் பேர் டாக்டரிடம் காட்டிக்கொண்டு, மேமோகிராம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட ஆறு வருஷம் கழித்துக் கணக்கெடுத்தால், ஸ்கேன் கோஷ்டியில் 132 பேர் இறந்திருந்தார்கள், நூற்றுக்கு 20. சும்மா இருந்த கோஷ்டியில் 122 பேர், நூற்றுக்கு 18. 1,243 பெண்களை வைத்துச் செய்த இன்னொரு ஆராய்ச்சியில், ஸ்கேன் எடுத்தவர்களுக்கு நோய் பரவியது முன்னதாகவே தெரிந்தது. ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள் விகிதத்தில் மட்டும் வித்தியாசமில்லை.

"அது அந்தக் காலம் மேடம். இப்பதான் பெட் ஸ்கேன் வந்துடுச்சே, புது மருந்தெல்லாம் வந்துடுச்சே" என்று மடக்கினேன்.

"நியாயமான கேள்வி. புது மருந்தால இந்தக் கணக்கு ஒரு நாள் மாறலாம். மாறினா முதல் ஆளா நானே எழுதித் தர்றேன்" என்றார். 2012-லேயே அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்கள் சங்கம், தேவையில்லாமல் செய்யக் கூடாதவை என்று போட்ட சின்னப் பட்டியலில் இதையும் சேர்த்துவிட்டதாம். குணமாகி அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு மார்க்கர், பெட், எலும்பு ஸ்கேன் வேண்டாம். ஆரம்ப ஸ்டேஜில், பரவும் வாய்ப்புக் குறைவாக இருப்பவர்களுக்கும் இந்த ஸ்கேன்கள் வேண்டாம் என்று. டெஸ்ட் எடுத்தால் வருமானம் வரக்கூடியவர்களே எடுக்காதே என்று எழுதியிருக்கிறார்கள்! நம் நாட்டிலும் 2019-ல் தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பு, தவிர்க்க வேண்டிய பத்து விஷயங்கள் என்று தனியாக ஒரு பட்டியல் போட்டிருக்கிறது.

"ஆனா ஒண்ணு தம்பி. அறிகுறி வந்தா கதையே வேற. விடாத எலும்பு வலி, மூச்சு வாங்கறது, தலைவலி, காரணமில்லாம எடை குறையறது, கைக்குத் தட்டுப்படற கட்டி, இதுல எது வந்தாலும் அன்னிக்கே கூட்டிட்டு வாங்க. நானே ஸ்கேன் எழுதறேன். அப்ப நீங்க செலவைப் பத்திப் பேசக் கூடாது."

கிளம்பும்போது கேட்டார்: "நான் எழுதியிருந்தா எனக்குக் கமிஷன்னு சொல்லியிருப்பீங்க. நீங்களே எழுதிக்கிட்டா அதுக்கு என்ன பேரு?"

பதில் சொல்லத் தெரியாமல் இளித்தேன். அப்போதுதான் அடுத்த குண்டைப் போட்டார். "ஆமா, நான் எழுதின எலும்பு அடர்த்தி டெஸ்ட் எங்கே?"

எடுக்கவில்லை! 2,500 ரூபாய். சலுகை கிடையாது, பிளாட்டினம் கிடையாது, பயமுறுத்தும் பெயர் கிடையாது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஃபைலுக்குள் வைத்தது வைத்தபடி இருந்தது. கேட்காத டெஸ்ட்டுகளுக்கு 67,499 செலவு பண்ணியவன், கேட்ட ஒரே டெஸ்ட்டை எட்டு மாசமாக எடுக்கவில்லை. என் க்ளையன்ட் யாராவது இப்படிக் கணக்கு வைத்திருந்தால் ஃபைலைத் தூக்கி எறிந்திருப்பேன்.

மறுநாளே எடுத்தோம். எலும்பு நிஜமாகவே கரைய ஆரம்பித்திருந்தது. கால்சியம், விட்டமின் டி, தினமும் நடை, ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருந்தா இடுப்பு போயிருக்கும்" என்றார் டாக்டர், சாதாரணமாக. அந்த மூன்று வாரமும் அம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் பரண் மேலிருந்து பட்டுப் புடவைகளை இறக்கிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இருந்தாலும், எதுக்கும்..." என்று ஆரம்பித்தாள். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பரிசோதனைக் கூடம் என்னை இன்னும் மறக்கவில்லை. போன பொங்கலுக்கும் மெசேஜ் வந்தது. இப்போது 'டைமண்ட்' என்று புதிதாக ஒன்று.

நேற்று மேமோகிராமுக்குப் போய்விட்டு வந்தோம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படத்தைக் கேட்பார்கள் என்று அம்மாவே ஞாபகமாக எடுத்துவைத்திருந்தாள். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது. வரும் வழியில் ஒரு ஹோட்டலில் ஆளுக்கொரு போண்டா சாப்பிட்டோம். ராத்திரி காலண்டர் தாளை எட்டிப் பார்த்தேன். மேமோகிராம், ஆட்டோ, போண்டா என்று வரிசையாக எழுதியிருந்தாள். கேள்விக்குறி எதுவும் இல்லை. போண்டாவுக்குப் பக்கத்தில் மட்டும், 'அதிகம்' என்று போட்டிருந்தாள்.